பிறக்கிராசியாரின் இரண்டிருக்கைக் கார்

நீர்வேலிப் பிறக்கிராசி ஆழ்வாப்பிள்ளை ஒரு கஞ்சன் என்று யாழ்ப்பாணக் கோட்டில் வழக்குப் பேசிய பலரும் நம்பியிருந்தார்கள். அவருக்குப் பின்னால் சட்டம் படித்துவிட்டு வந்தவர்களெல்லாம் மோட்டார்க் காரில் வந்து இறங்குவார்கள். அவர் மட்டும் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக, ஒற்றை மாடு பூட்டிய திருக்கல் வண்டிலில், தானே கயிற்றைப் பிடித்து மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார். அதுவும் சாதாரண மாடல்ல, வண்டில் சவாரிக்குப் பழக்கிய வடக்கன் காளை. கோப்பாய் வெளியில் எதிர்க்காற்று முகத்தில் அடிக்க அதை விரட்டுவதில் அவருக்கு இருந்த சந்தோஷம் எந்த வழக்கில் வென்றாலும் வந்ததில்லை.

கார் வாங்க விடாமல் அவரைத் தடுத்தது அவருடைய வயிறு. பஸ்ஸிலோ மூடிய காரிலோ கொஞ்சத் தூரம் போனால் போதும், பெற்றோல் மணமும் தோலிருக்கையின் மணமும் சேர்ந்து குடலைப் புரட்டிவிடும். ஒருமுறை கலியாண வீடொன்றுக்குக் காரில் போகும்போது, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் தகப்பனுடைய பட்டுச் சால்வையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். அன்றோடு, "எனக்கு வண்டில்தான் வசதி" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அந்த வெட்கத்தைவிடக் கஞ்சன் என்ற பெயர் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காரில் ஏறினாலே அப்படி வருமென்ற சங்கதி தெரிந்தவர் மனைவி அருந்ததி ஒருவர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு மாட்டின் முன்னங்கால் வீங்கியது. இனி அதை ஓட்டத்துக்கு விடக்கூடாதென்று மாட்டு வைத்தியர் சொல்லிவிட்டார். செய்தி கேட்ட அருந்ததியின் தமையன் பரமலிங்கம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சாரதியோடு ஒரு பெரிய மூடிய காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"ஏறும் மச்சான். கோட்டுக்குப் போற ஆளுக்கு உதுதான் மதிப்பு," என்றார்.

ஆழ்வாப்பிள்ளை பின்னிருக்கையில் ஏறினார். கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொன்னார். கைலேசுத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டார். இருபாலையில் சாரதியின் தோளில் தட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, இறங்கி ஒரு பனையோலை வேலியோரம் குந்தி வாந்தி எடுத்தார்.

பரமலிங்கம் பக்கத்தில் வந்து நின்றார். "உதை ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"சொன்னால் சிரிப்பியள்."

பரமலிங்கம் சிரிக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் கொடுத்து, காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மச்சானோடு கூட நடந்தே நீர்வேலிக்கு வந்தார்.

காற்றோட்டமான கார் என்றால் சரிவரலாம் என்பது பரமலிங்கத்தின் அடுத்த யோசனை. குருநகரில் பழைய கார்களைத் திருத்தி விற்கும் வின்சன்றிடம் ஆழ்வாப்பிள்ளையும் அருந்ததியும் போய்ப் பார்த்தபோது, கூரை திறக்கும் கார்கள் இரண்டு நின்றன. ஒன்று ஆறு பேர் இருக்கக்கூடியது. மற்றது தேயிலைத் தோட்ட இஞ்சினியர் ஒருவர் சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, மடித்துவிடும் துணிக்கூரை. அதன் அருகில் ஆழ்வாப்பிள்ளை கொஞ்சம் கூடுதலான நேரம் நின்றதை அருந்ததி கவனித்தார்.

முதலில் பெரிய காரில் வின்சன்ற் அவரைக் கூட்டிப் போனான். திரும்பி வந்தபோது வாந்தி இல்லை, ஆனால் முகம் வெளிறி நெற்றியில் வேர்த்திருந்தது.

"விடுங்கோ, வேறை மாடு பாப்பம்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"இஞ்சருங்கோ," என்றார் அருந்ததி. "எங்கடை வண்டிலிலை உங்களுக்கு ஒருநாளும் தலை சுத்தினதில்லை. அண்ணையின்ரை வண்டிலிலை சந்நிதிக் கோயிலுக்குப் போகேக்கை சுத்தினது. ரெண்டும் வண்டில்தானே."

"அதுக்கு?"

"எங்கடை வண்டிலை நீங்கள்தானே ஓட்டுறியள். காரையும் நீங்களே ஓட்டிப் பாத்தால் என்ன?"

அது அவருடைய மூளையில் ஒருநாளும் எழாத எண்ணம். கார் என்றால் சாரதி ஓட்டுவான், பிறக்கிராசியார் பின்னால் இருப்பார். அவருக்குத் தெரிந்தவர்கள் அப்படித்தான் போய்வந்தார்கள்.

மறுநாள் தொடங்கி, விடிந்தும் விடியாததுமாக வின்சன்ற் அவரை முற்றவெளிக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினான். பழகியது அந்த இரண்டிருக்கைச் சின்னக் காரில்தான். முதல் கிழமை கியர் கத்தியது, கார் துள்ளித் துள்ளி நின்றது. புல் மேய்ந்த ஆடுகள் கலைந்து ஓடின. வேலை மும்முரத்தில் அவர் வயிற்றை மறந்துபோனார். லைசென்ஸ் எடுத்தபின், வின்சன்றைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு நீர்வேலி றோட்டில் விட்டார். நல்லூரில் ஒருதரம், கல்வியங்காட்டில் ஒருதரம், வாந்தி இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தார். இருபாலை வளைவிலும் ஒன்றும் வரவில்லை. கோப்பாய் வெளியில் காலை அழுத்தினார். தலைப்பாகையைக் காற்று பிடுங்கப் பார்த்தது.

"ஐயா, கொஞ்சம் மெல்ல," என்றான் வின்சன்ற்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அவர் உடனே இறங்கவில்லை. இருபது வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தமாதிரி இருந்தது. பிறகு உள்ளே போய், "பசிக்குது," என்றார். அருந்ததி நிறைந்த கண்ணை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு இடியப்பம் எடுத்து வைத்தார்.

பரமலிங்கத்துக்குத்தான் மனம் ஆறவில்லை. "பெரிய காரையும் நீரே ஓட்டலாம்தானே? உதிலை ரெண்டு பேருக்குமேலை ஏறேலாது. மழைக்கும் ஒழுகும். ஊர்ச் சனம் என்ன சொல்லும்?"

"நாங்கள் ரெண்டு பேர்தானே, அண்ணை," என்றார் அருந்ததி. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அதை அவர் அவ்வளவு இலேசாகச் சொன்னது அதுவே முதல் தடவை. "பெரிசு எண்டால் ஊரிலை நடக்கிற கலியாணத்துக்கெல்லாம் இரவல் கேப்பினம். பிறகு வேறை ஆரும் ஓட்ட, இவர் பின்னாலை இருக்கோணும்."

சின்னக் காரையே வாங்கினார்கள். வழக்குக் கட்டுகள் பக்கத்து இருக்கையில் போயின. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அந்த இருக்கை அருந்ததிக்கு. கோட்டில் கஞ்சன் என்ற பேச்சு ஓய்ந்து, வயது போன காலத்தில் மனுஷனுக்கு ஆசையைப் பார் என்ற பேச்சு வந்தது. அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

முதல் மாரி மழை நல்லூரிலிருந்து திரும்பும்போது பிடித்துக்கொண்டது. துணிக்கூரையை இழுத்துப் பூட்டுவதற்குள் இருவரும் தெப்பமாக நனைந்துபோனார்கள். வீட்டுக்கு வந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்த மனைவியிடம், "அடுத்த வெள்ளிக்கும் போவமே?" என்று தயங்கிக் கேட்டார்.

"ஓம். ஒரு குடையும் எடுத்து வையுங்கோ," என்றார் அருந்ததி.