இருபத்திரண்டாம் அத்தியாயத்துக் கதவு

நவமணி அந்த நான்காம் பாகத்தை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. எட்டு பாக ஒலிக்கதையில் நடுவில் கிடக்கிற பாகம் அது. அதற்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. அதிலும் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கதவு வரும். அந்த இடம் வந்ததும் டக்கென்று நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடுவாள். "கதை கேக்கிறியா, கோயிலைச் சுத்துறியா?" என்று புருஷன் வேலு கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். அவருக்கு என்ன தெரியும்?

பினாங்குத் தீவில், பாயான் பாருவில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அவளுடைய தொழிற்சாலை இருந்தது. இருபது வயதில் சேர்ந்தவள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கண்ணுக்குத் தெரியாத கம்பிகளைச் சரிபார்த்தே தலை நரைத்துவிட்டது. ஐம்பது வயதை நெருங்கும்போது, அவள் பகுதியை மட்டும் எதிர்க்கரையில் பத்து காவான் என்கிற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கடலைத் தாண்டி, இரண்டாவது பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். லைசென்ஸ் இருந்ததே தவிர, பயத்தில் அவள் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து பிளாக்கில் இருந்த, அதே பகுதியில் வேலை பார்த்த சல்மா அக்கா, "என் காடியில வா லா" என்று சாதாரணமாகச் சொன்னார். ஆறு வருஷம் அப்படியே ஓடியது.

முதல் மாதம் ரேடியோவால் சண்டை. அக்காவுக்குச் செய்தி வேண்டும், இவளுக்குப் பாட்டு வேண்டும். அக்காவின் மகன் ஷாருல்தான் இந்தத் தமிழ்க் கதையை இரண்டு பேர் போனிலும் ஏற்றிக் கொடுத்துச் சமாதானம் செய்துவைத்தான். தலையில் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு இல்லாத தீவுக்குள் போகிறவர்களின் கதை. போனவர்களில் சிலர் திரும்பி வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிடுவார்கள். அப்படித் தங்கிவிட்ட அம்மாவைத் தேடி ஒரு பெண் உள்ளே போவாள். முதலில் இருவரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே, அத்தியாயம் முடியட்டும் என்று கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்து, வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு பாகமும் வெளிவரக் காத்திருந்து கேட்டதில், ஆறாவது வருஷத்தில்தான் நான்காம் பாகத்துக்கு வந்தார்கள்.

இன்றைக்கும் அதன் மூன்றாம் அத்தியாயத்தைப் போட்டால் அவளுக்குப் பாலத்து நடுவில் கொட்டிய மழைதான் கேட்கும். ஒன்பது, மகள் ரூபினிக்குப் பரீட்சை முடிவு வந்த நாள். பதினான்கு, அக்கா தன் புருஷன் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிய அன்றைக்குக் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டிய நாள். கதையில் வருகிறவர்களுக்கு இல்லாத ஊருக்குப் போகத் தலைக்கவசம் வேண்டியிருந்தது. நவமணிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

அறுபது வயதானதும் அக்காவுக்கு ஓய்வு கொடுத்தார்கள். வடக்கே அலோர் ஸ்டாரில் இருக்கிற மகன் வீட்டோடு போவதாக ஏற்பாடு. கடைசி நாள் சாயங்காலம் கார் நவமணியின் பிளாக்குக்கு வந்தபோது, கதையில் அந்தப் பெண் ஒரு கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அவள் அம்மாவின் குரல். அக்கா எஞ்சினை அணைத்துவிட்டார். "இதை மட்டும் பாக்கி வை மணி. சேந்து கேப்போம். நீயும் தனியா கேக்கக் கூடாது, நானும் கேக்க மாட்டேன்." சொல்லிவிட்டுக் கார்ச் சாவியையும் அவள் கையில் வைத்தார். மகன் வீட்டில் இருக்கிற கார்களே நிறுத்த இடமில்லாமல் நிற்கின்றனவாம்.

அது ஒன்பது மாதத்துக்கு முந்திய கதை. இப்போது பயந்து பயந்தாவது நவமணியே ஓட்டுகிறாள். இடப்பக்க இருக்கை காலி. போனில் பேசினால், பசியாறியாச்சா, உடம்பு எப்படி என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடியே பேசிப் பழகியவர்களுக்குப் போனில் பேச வரவில்லை. போகப் போக அதுவும் குறைந்தது. அக்கா தன்னை மறந்துவிட்டாரோ என்ற பயம் அவளை அரித்தது. கேட்டதையே திரும்பக் கேட்டால் வாக்குத் தவறியதாகாது என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, கதவு வரைக்கும் போவதும் திரும்புவதுமாக இருந்தாள்.

இதில் போன் வேறு படுத்தியது. இருபதில் நிறுத்தினால் மறுநாள் ஐந்தில் திறக்கும். பழைய போன், அப்படித்தான் என்று திட்டிக்கொண்டே தேடிப் போட்டுக்கொள்வாள். ஒரு புதன்கிழமை காலையில் திறந்தால் முப்பதாம் அத்தியாயத்தில் நின்றது. ரூபினியிடம் காட்டினாள். போனில் கோளாறு இல்லை, இரண்டு பேர் போனிலும் சல்மா அக்காவின் ஒரே கணக்குதான், ஒருவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் மற்றவருக்கும் திறக்கும் என்றாள் ரூபினி.

ஆக, அக்கா கதவைத் திறந்துவிட்டார். தனியாக. நவமணி இரண்டு நாள் எதையும் போடாமல் பாலத்தைக் கடந்தாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், காருக்குள் உட்கார்ந்தே கூப்பிட்டாள்.

"என்னக்கா, கதவுக்குள்ள போயிட்டீங்க போல. முப்பதுல நிக்குது."

 அக்கா பதறிப்போய்ச் சொன்னார். மத்தியானம் தொழுதுவிட்டுப் படுக்கும்போது போட்டாராம், அப்படியே தூங்கிவிட்டாராம், அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லையாம். அதுசரி, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நவமணி கணக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப நான் வச்ச இடம் தினமும் மாறிக் கிடந்துச்சே, அது நீயா?" என்றார் அக்கா. "போன் கெட்டுப்போச்சு, புதுசு வாங்கிக் குடுன்னு ஷாருலைப் போட்டுப் படுத்திட்டேன் மணி. நானும் அந்தக் கதவு வரைக்கும்தான் கேக்கிறேன். அப்புறம் மொதல்லேர்ந்து."

 ஒன்பது மாதமாகப் போன் என்று நினைத்து நவமணி திட்டியதெல்லாம் அக்காவைத்தான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

பத்து காவானைத் தாண்டி அவள் ஓட்டியதே இல்லை. சனிக்கிழமை நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே, உள்ளங்கை வேர்க்க வேர்க்க, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினாள். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். வீட்டுக்குள் வா என்று கூப்பிடவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, இருக்கையைப் பின்னால் தள்ளி, பெல்ட்டை மாட்டினார்.

நவமணி போனை எடுத்து இருபத்திரண்டைத் தேடினாள். அக்கா அவள் கையைப் பிடித்தார்.

"மொதல்லேர்ந்து போடு."

"அப்படிப் போட்டா இன்னிக்குள்ள கதவு வரைக்கும் போக முடியாதுக்கா."

"முடியாதுதான்," என்றார் சல்மா அக்கா. "அடுத்த சனிக்கிழமையும் வா."

நவமணி முதல் அத்தியாயத்தைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.