இருட்டின் மேல் பழிபோட்ட கார்னெட் டில்லி

ஹார்லன் ஊரில் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவர்களைத் திரட்டினால் ஒரே சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்துவிடலாம். மற்றவர்களெல்லாம் கார்னெட் டில்லியின் கையால் ஒருமுறையாவது ஃபெயில் ஆனவர்கள். முப்பத்தொரு வருஷம் அவர் ஓட்டுநர் தேர்வு அதிகாரி. பக்கத்து சீட்டில், முழங்கால் மேல் அட்டையை வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் வருவார். வண்டி நின்றதும் ஒரே வாக்கியம்தான் வரும்: "கண்ணாடி பாக்கலை." பாதிரியாரின் மனைவியை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். தீயணைப்பு வண்டிக்குப் புதிதாக வந்த ஓட்டுநரை மூன்று தடவை. அந்தக் காலத்தில் ஊரில் எங்கும் தீப்பிடிக்காதது கடவுளின் கருணை. கார்னெட்டைக் கேட்டால் தன் கண்டிப்பு என்பார்.

அவருக்கு மிகவும் பிடித்த கட்டம் ரிவர்ஸ். "முன்னால போக மாடு கூடப் போதும். பின்னால போறதுலதான் மனுஷன் யாருன்னு தெரியும்" என்று ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

ஓய்வு பெற்ற மறுவாரமே இருபத்தெட்டு அடி நீளத்தில் ஒரு டிரெய்லர் வாங்கினார். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்து, பிக்கப் வண்டியின் வாலில் மாட்டி இழுத்துப் போகிற வீடு. முன்னால் இழுத்தவரை அது சமர்த்தாக வந்தது. பின்னால் தள்ளியபோதுதான் சுயரூபம் காட்டியது. ஸ்டீரிங்கை இடதுபக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலதுபக்கம் போயிற்று. எந்த டிரெய்லருக்கும் உள்ள குணம்தான் அது. கனடாவில் ஹார்லன் இருக்கிற சஸ்காச்சுவான் மாகாணத்தில் கோதுமை போடுகிறவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கே தெரியும். கார்னெட்டுக்குத் தெரியவில்லை. பாவம், முப்பத்தொரு வருஷமும் அவர் பக்கத்து சீட்டில் அல்லவா உட்கார்ந்திருந்தார்.

முதல் கோடையில், கூடாரமும் டிரெய்லரும் போட்டு விடுமுறை கழிக்கிற ஏரிக்கரை முகாமில், தன் இடத்துக்குள் ரிவர்ஸ் போகும்போது ஒரு மர மேசையையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் சாய்த்தார். பட்டப்பகல். இருபது குடும்பங்கள் மடக்கு நாற்காலி போட்டுப் பார்த்தன. அதில் பாதிப்பேர் அவரிடம் ஃபெயில் ஆனவர்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு கார்னெட் பகலில் முகாமுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். இரண்டு மணி நேரப் பயணத்துக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்புவார்.

"வெயில்ல ஓட்டினா டயருக்கு ஆகாது" என்றார் மனைவியிடம்.

மனைவி வெர்னா தபால் நிலையத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவள். கவரைப் பிரிக்காமலே உள்ளே நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்லிவிடுவாள். டயர் சமாசாரத்தையும் பிரிக்காமலே வைத்துவிட்டாள்.

ஆனால் இருட்டில் நின்று டார்ச் பிடிக்க வேண்டியவள் அவள். ஆறு கோடை பிடித்தாள். கொசு கடிக்கும், சேறு செருப்பை உறிஞ்சும். டிரெய்லர் மேலே ஏறி வருகிற ஆனைமாதிரி அவளை நோக்கி வரும். எதன்மேலாவது முட்டி நின்றதும் கார்னெட் ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டுவார்.

"டார்ச்ச எங்க பிடிச்சிருந்த?"

"மரத்து மேல. மரம் இருக்குன்னு காட்டத்தான்."

"மரத்து மேல அடிச்சா மரம்தான் தெரியும். வழி எப்படித் தெரியும்?"

ஆடத் தெரியாதவள் கூடத்தைக் கோணல் என்றாளாம். கார்னெட்டுக்கு இருட்டு கோணல், டார்ச் கோணல், அதைப் பிடித்த கையும் கோணல். போன செப்டம்பரில் ஒரு பிர்ச் மரத்தில் இடித்துப் பின்பக்க ஏணி வளைந்தது. ஏப்ரல் கடைசியில் வெர்னா சமையலறை மேசைமேல் ஒரு பெட்டியை வைத்தாள். உள்ளே நான்கு வெள்ளை விளக்குகள். பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று மாட்ட வேண்டியது. ரிவர்ஸ் கியர் போட்டால் தானே எரியும்.

"இனிமே இருட்டு கிடையாது" என்றாள். "டார்ச்சும் கிடையாது. அங்க நானும் கிடையாது."

கார்னெட் ஒரு விளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் இருட்டைத் திட்டிவிட்டு, விளக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

மாட்டுகிற வேலை மூன்று வாரக் கடைசிகளைத் தின்றது. முதலில் போட்ட துளை சுவரைத் தாண்டி, உள் அலமாரியில் தொங்கிய வெர்னாவின் கோட்டுக் கையில் போய் முடிந்தது. எதிர்வீட்டில் இருந்த எலெக்ட்ரீஷியன் தெருவைக் கடந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"கார்னெட், ரிவர்ஸ் கம்பி எதுன்னு பாத்துக்கிட்டியா?"

"கம்பின்னா கம்பிதான். எல்லாத்துலயும் கரண்ட்தான் வருது."

எலெக்ட்ரீஷியன் வந்த வழியே வீட்டுக்குப் போனார். அவரும் ஒருகாலத்தில் இரண்டு தடவை ஃபெயில் ஆனவர். டிரெய்லரின் மூக்கில் கம்பிகள் சேர்கிற பெட்டியைத் திறந்து, கைக்கு முதலில் அகப்பட்ட கம்பியோடு கார்னெட் இணைத்தார். பிக்கப்பின் விளக்கைப் போட்டதும் நான்கும் பளீரென்று எரிந்தன. எந்த கியரில் இருக்கிறது வண்டி என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

மே மாதத்து நீண்ட விடுமுறை வந்தது. வழக்கம்போல ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். வழியில் சாப்பிட்டு எழுந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பிக்கப் விளக்கைப் போட்டார். கொஞ்ச தூரத்தில் பின்னால் வந்த வண்டிகள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டன. ஒருவன் விடாமல் ஹார்ன் அடித்தபடியே தாண்டிப் போனான்.

"பாத்தியா, எல்லாரும் நம்ம விளக்கத்தான் பாராட்டுறாங்க" என்று கார்னெட் கையை உயர்த்தி வணக்கம் சொன்னார்.

கடைசியாக வந்து பாராட்டியது போலீஸ் வண்டி.

"ஐயா, உங்களுக்குப் பின்னால வர்றவங்களுக்குக் கண்ணே தெரியலை" என்றாள் அந்தப் போலீஸ்காரி. "நீங்க நெடுஞ்சாலையில பின்னோக்கி ஓட்டிட்டு வர்றீங்கன்னு ரெண்டு பேரு போன் பண்ணியிருக்காங்க."

"நானா?" என்றார் கார்னெட். "நான் தேர்வு அதிகாரியா இருந்தவன்."

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே. கம்பிய மாத்திட்டுப் போங்க."

அவர் இணைத்திருந்தது பின்பக்கச் சிவப்பு விளக்கின் கம்பி. வெர்னா சாலையோரத்தில் குனிந்து விளக்குடன் வந்த காகிதத்தைப் படித்தாள். "ரிவர்ஸ் கம்பியிலதான் சேர்க்கணும்னு ரெண்டாம் பக்கத்துலயே போட்ருக்கு. படமே போட்ருக்கு." கார்னெட் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தார். மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

முகாமுக்கு வந்தபோது மணி பத்தரை. எல்லாரும் அடங்கி, நெருப்புகள் கனிந்து கிடந்தன. அவர்களுடைய இடம் ஒரு வளைவின் ஓரம், இரண்டு பக்கமும் பிர்ச். வெர்னா பிக்கப்பிலிருந்து இறங்கினாள். நாற்காலியை எடுத்து, வழிக்கு அந்தப்பக்கம் நன்றாகத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். கார்னெட் ரிவர்ஸ் போட்டார்.

வளைவு முழுக்கப் பகலாகிவிட்டது. மரத்தில் ஒவ்வொரு இலையும் தெரிந்தது. கூடாரங்களின் ஜிப்புகள் ஒன்றொன்றாகத் திறந்தன. தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடிவந்தவர்கள் விஷயம் புரிந்ததும் ஓடிப்போய் நாற்காலிகளோடு வந்தார்கள். டிரெய்லர் இடதுபக்கம் போயிற்று. முன்னால் இழுத்து மறுபடி தள்ளினார். வலதுபக்கம் போயிற்று. இருட்டில்லை, டார்ச் இல்லை. குற்றம் சொல்ல அக்கம்பக்கத்தில் யாருமில்லை. நனைந்த சட்டையோடு ஸ்டீரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்த கார்னெட் மட்டும் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தார்.

ஒன்பதாவது தடவையில், வெர்னாவின் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்த ஒரு பெண் எழுந்து ஜன்னலருகே வந்தாள். ரோண்டா கோவல்சுக். ரிவர்ஸ் சரியில்லை என்று அவளை நான்கு தடவை ஃபெயில் ஆக்கியவர் கார்னெட். இப்போது அவள் இரண்டு தொட்டி கோர்த்த கோதுமை லாரி ஓட்டுகிறாள்.

"மிஸ்டர் டில்லி, நல்லாருக்கீங்களா? கண்ணாடி பாக்குறீங்களா?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"பாக்குறது போதாதுங்க. அதுல தெரியுறத நம்பணும்."

பின்னாலிருந்து யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். கார்னெட் மேலும் நான்கு தடவை முயன்றார். பதினோரு மணிக்கு முகாம் காவலர் சைக்கிளில் வந்து, சத்தமும் வெளிச்சமும் அடங்கவேண்டிய நேரமாகிவிட்டது என்றார். வெளிச்சத்தை அணைத்தால் ரிவர்ஸ் போக முடியாது, ரிவர்ஸ் போட்டால் வெளிச்சம் அணையாது. நடுவழியை மறித்துக்கொண்டு டிரெய்லர் குறுக்கே கிடந்தது.

கார்னெட் இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோண்டாவிடம் சொன்னார்: "முதுகு பிடிச்சிக்கிச்சு. நீ வேணும்னா ஒரு தடவை போட்டுப் பாரு."

ரோண்டா ஏறினாள். ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடித்தாள். கொஞ்சம் முன்னே இழுத்து நேராக்கி, மெதுவாகப் பின்னே விட்டாள். இருபத்தெட்டு அடியும் இரண்டு பிர்ச்சுக்கும் நடுவே போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. விளக்கு அணைந்தது. இருட்டில் கைதட்டல் கேட்டது.

சாவியைக் கொடுக்கும்போது ரோண்டா கேட்டாள்: "இப்ப நான் பாஸா?"

கார்னெட் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஸ்டீரிங்க ஒரு கையால பிடிச்ச. அதுக்கு மார்க் போயிரும்."

வெர்னா தலையில் கையை வைத்துக்கொண்டாள். ரோண்டா மட்டும் சிரித்தாள். நான்கு தடவை வாங்கியவளுக்கு ஐந்தாவது உறைக்கவில்லை.

மறுவாரம் ஹார்லன் காபிக்கடையில் கார்னெட் சொன்ன கதை இது: "விளக்கு மாட்டினேன், ஒரே தடவையில உள்ள போயிருச்சு." ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யார் ஓட்டினார்கள் என்று கேட்கும் அளவுக்கு யாருக்கும் கெட்ட புத்தியில்லை. ஏற்கனவே எல்லாருக்கும் தெரிந்தும் இருந்தது.

வெர்னா கோடையில் காலியாகக் கிடக்கும், பனித்தரையில் கல் தள்ளி விளையாடுகிற கர்லிங் அரங்கத்தின் முன்வெளிக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரை எடுத்துப் போனாள். ரோண்டா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி, தப்பு நடந்தால் மட்டும் "ம்ஹூம்" என்றாள். நான்காவது ஞாயிறு அவள் ஒரு "ம்ஹூம்"கூடச் சொல்லவில்லை. பொட்டலம் காலியானதும் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலையில் டில்லி தம்பதியர் முகாமுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டியது வெர்னா. கார்னெட் பின்னால் நின்று, விமானம் இறக்குகிறவரைப்போல இரண்டு கையையும் வீசினார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவையில் டிரெய்லர் உள்ளே நின்றது.

பக்கத்து இடத்துக்காரர் அடுத்த மாகாணமான ஆல்பர்ட்டாவிலிருந்து வந்த புதியவர். பாராட்டாகத் தலையசைத்தார். "உங்க வீட்டம்மா நல்லாவே போடுறாங்களே."

"பரவால்ல" என்றார் கார்னெட். "இன்னும் கொஞ்சம் கண்ணாடி பாக்கணும்."

வெர்னா சக்கரத்துக்கு அடைக்கட்டை வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டது. நிமிர்ந்து பார்க்காமல், அடுத்த கட்டையைத் தள்ளினாள்.