கடைசல் பிடிக்கப் போன நர்ஸ்

எங்கள் கம்பெனியில் ஒரு வாக்கியம் முழுதாகப் போய்ச் சேர்ந்ததில்லை. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. அதன் முதலுதவி அறையில் நான் நர்ஸ். என் அறைக்கும், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் ஷாப்புக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். பிரஸ் இறங்கும் ஒவ்வொரு முறையும் அலமாரியில் மருந்து பாட்டில்கள் சிலிர்த்து அடங்கும். பேச்சில் பாதியை மெஷின் தின்றுவிடும். மீதியைக் கேட்டவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார். "தலை சுத்துது" என்று வந்தவரிடம், "எங்க கத்தி குத்துச்சு?" என்று நான் பதறியிருக்கிறேன்.

நர்ஸ் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சும்மா புதுப்பித்துத் தரமாட்டார்கள். இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து படித்தேன் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். தொடர் கல்வி என்று அதற்குப் பெயர், நாங்கள் சி.என்.இ. என்போம். பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கு ஒரு மாடி ஏறினால் வகுப்பு, மணி தானாகச் சேரும். எங்கள் கம்பெனியில் நடக்கும் வகுப்புகளோ ஹெல்மெட்டைத் தாண்டுவதில்லை. அந்த மாதத்தோடு என் பதிவு முடிகிறது, ஒரே ஒரு நாள் வகுப்பு குறைகிறது. மறைமலை நகர் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் சனிக்கிழமை வகுப்பு. அதை விட்டால் மாதத்துக்குள் வேறு கிடையாது. பதிவு செத்த நர்ஸை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

எங்கள் ஹெச்.ஆர். அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன். எதற்கும் முதலில் சரி என்பார், அப்புறம்தான் யோசிப்பார். பிரஸ் ஷாப் வாசலில் அவரைப் பிடித்தேன்.

"சார், சனிக்கிழமை எனக்கு சி.என்.இ. கிளாஸ். ஆன் டூட்டி போட்டுக் குடுங்க."

பிரஸ் இறங்கியது.

"சி.என்.சி.யா? நீங்களா சிஸ்டர்? ரொம்ப சந்தோஷம்லா! இப்பவே பேரச் சேக்கேன்."

கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார். நானும் உலகம் இவ்வளவு நல்லதா என்று நெகிழ்ந்து போனேன்.

சி.என்.சி. என்பது கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பைக் கடைகிற மெஷின். எங்கள் பக்கத்தில் டீக்கடை பெஞ்சுக்குக்கூட அது தெரியும். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்றால், "சி.என்.சி.ல இருக்கார்" என்பார்கள், பெண் வீட்டாரும் மேலே கேட்பதில்லை. அந்த ஊரில் ஒரு 'இ' தனியாக நடந்து வந்தால், வழியிலேயே அதை வளைத்து 'சி' ஆக்கிவிடுவார்கள்.

மறுநாள் விரல் கீறலோடு லைனில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். துணைக்கு அவள் தோழி.

"இன்னா சிஸ்டர், மெஷினுக்கு வர்றீங்களாமே? குரூப்புல போட்டுகீறாங்கோ."

"எந்த மெஷினுக்கு?"

"சி.என்.சி. டிரெய்னிங்காம். சனிக்கெழம."

தோழி சிரித்தாள். "இத்தினி நாளா மன்சனுக்கு ஓட்ட போட்டுக்கினு இருந்தாங்க, இனிமே இரும்புக்குப் போடுவாங்க. இரும்பு கத்தாது, அவ்ளோதான்டி வித்தியாசம்."

அவள் விரலுக்குக் கட்டுப்போட்ட கையோடு, கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் ஹெச்.ஆர். அறைக்கு ஓடினேன். அவர் முகம் ஆறின இட்லி போல ஆனது.

"ஐயோ சிஸ்டர், பிளான்ட் ஹெட்கிட்ட சொல்லிட்டேம்லா. முதலுதவி ரூம்ல இருந்து ஒரு அம்மா மெஷின் படிக்க வாராவன்னு. கையெல்லாம் தட்டுனாரு. இப்ப இல்லன்னா என்னைய என்ன நெனப்பாரு?"

"என் லைசென்ஸ் போச்சுன்னா அதுக்கும் தட்டுவாரா, சார்?"

அவர் கத்தரிக்கோலையே பார்த்தார். பிறகு சமாதானம் பேசினார். காலையில் மெஷின் முன்னால் ஒரு போட்டோ. முடிந்ததும் அவரே தன் காரில் கொண்டுபோய் வகுப்பில் விடுவார்.

சனிக்கிழமை பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, ஷூ மாட்டி என்னை மெஷின் முன்னால் நிறுத்தினார்கள். பிளான்ட் ஹெட் பேசினார், பேசினார், பேச்சுக்குள்ளேயே சுற்றுலா போய்வந்தார். பிறகு ஒரு பட்டனை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பால் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. இரும்பு, சுருள் சுருளாக, வெள்ளிக் கொடியாக, பிடிவாதக்காரக் குழந்தையின் தலைமுடியாக உரிந்து விழுந்தது. ஒரு காயம்கூட இல்லாமல் இவ்வளவு வெட்டலாமா! பதிவாவது புதுப்பிப்பதாவது, இங்கேயே நின்றுவிடுவோம் என்று ஒரு கணம் தோன்றியது. என் கால்கள் எப்போதும் இப்படித்தான், வேறு யாரோ ஒருத்தியின் வேலையைக் கண்டால் அங்கே போகத் துடிக்கும்.

ஹெச்.ஆர். தொண்டையைச் செருமினார். ஓடினோம்.

சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு டிரெய்லர், முதுகில் புதுக் கார்களைச் சுமந்து கர்ப்பிணி நடையில் போனது. ஆம்புலன்ஸ் ஓட்டுவதாக நினைத்து அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அது நகரவில்லை.

கல்லூரி மண்டப வாசலில் மூத்த ஆசிரியை ஒருவர் வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"அட்டெண்டன்ஸ் முடிஞ்சுது சிஸ்டர். அடுத்த கிளாஸுக்கு வாங்க."

"அதுக்குள்ள நான் நர்ஸாவே இருக்க மாட்டேன், மேடம்."

அவர் என் தலையைப் பார்த்தார். கழற்ற மறந்த மெஷின் கண்ணாடி அங்கேயே இருந்தது. "இது இன்னாது? வெல்டிங் பட்டறையிலருந்து வர்றீங்களா?"

"கிட்டத்தட்ட, மேடம்."

உள்ளே ஒரே சலசலப்பு. அன்றைய பாடம், விபத்தில் அடிபட்டவரைத் தூக்குவது, கட்டுவது, ஏற்றுவது. கட்டிப் பழகப் பெரிய ரப்பர் பொம்மை வேண்டும். அது வேறொரு கல்லூரியிலிருந்து வந்து சேரவில்லை. மண்டபம் முழுக்க மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலைகள். தரையில் படுக்க ஒருத்தியும் தயாராக இல்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் எங்கள் ஹெச்.ஆர். நின்றார். நல்ல உயரம், நல்ல எடை, தேய்த்த சட்டை, குற்ற உணர்ச்சி.

"மேடம், பொம்மை இல்லாம கிளாஸ் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"எங்க ஆரம்பிக்கிறது?"

"அப்போ நான் லேட் இல்லையே. பொம்மைக்கு நான் ஆள் தர்றேன்."

மேடம் அவரை ஏற இறங்க அளந்தார். கறிக்கடையில் ஆட்டைப் பார்க்கிற பார்வை அது. பிறகு பதிவேட்டைத் திறந்து பேனாவை என்னிடம் நீட்டினார்.

"சிஸ்டர், எதுக்கு இதெல்லாம்? நான் கார்லயே இருக்கேனே."

"படுங்க, சார்."

படுத்தார். கழுத்தில் பட்டை ஏறியது. இரண்டு கால்களும் பலகைகளுக்கு நடுவே போயின. சோழிங்கநல்லூரிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வந்த கைகள் அவரைப் பாய் சுருட்டுவது போல இந்தப் பக்கம் உருட்டி, அந்தப் பக்கம் உருட்டின. "மூச்சு இருக்கா பாருங்க" என்றார் மேடம். "இருக்கு மேடம், ரொம்பவே இருக்கு" என்றது ஒரு குரல். தாடை உடைந்தவருக்குப் போடும் கட்டு என் முறை. தலை உச்சியிலிருந்து மோவாய் வரை, வகுப்பில் சொன்னபடி, ஒரு சுற்றும் தளராமல் கட்டினேன். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. பிளான்ட் ஹெட். புண்ணியவதி ஒருத்தி எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"சிஸ்டர் டிரெய்னிங்ல நல்லா கத்துக்கறாங்களா?" என்று மண்டபத்துக்கே கேட்டது.

"ம்ம்ம்," என்றார் ஹெச்.ஆர்., கண்களை அகல விரித்து.

சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தார்கள். தொடர் கல்வி, ஒரு நாள், என் பதிவு எண், மேடத்தின் கையெழுத்து. வாங்கித் திரும்பினால், காதோரம் பஞ்சு ஒட்டியிருக்க, வரிசையில் எனக்குப் பின்னால் அவர் நிற்கிறார்.

"மேடம், நாள் பூரா நானும்தான உள்ள கெடந்தேன். எனக்கு ஒரு சான்றிதழ் கெடையாதா?"

மேடம் நிமிரவே இல்லை. "நீங்க பேஷண்ட், சார். பேஷண்டுக்கு டிஸ்சார்ஜ்தான்."

மண்டபம் சிரித்தது. நான் மட்டும் சிரிக்காமல், கையெழுத்தின் மை காய்கிறவரை ஊதிக்கொண்டே நின்றேன்.