சிவப்புப் பொத்தானும் வீராசாமியின் கட்டைவிரலும்

வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் காஞ்சிபுரத்தில் எத்தனையோ பேர். வண்டியை நிறுத்தத் தெரிந்தவர் வீராசாமி ஒருவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சின்னக் காஞ்சிபுரத்துத் தெருவில், ஒரு பக்கம் பூக்கடை, மறுபக்கம் மாடு, பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, சான்ட்ரோ காரைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து இறங்குவார் பாருங்கள், கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

முசரவாக்கத்தில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. அவருடைய அப்பா கடைசி வரை அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இவர் லாரியில் கிளீனராகப் போய், டிரைவராகி, ஒரு பட்டு ஜவுளிக் கடை வேனைப் பல வருஷம் ஓட்டினார். அந்தக் கடையில் இன்னொரு டிரைவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த மறுநாளே, "கண்ணு தெரியாத ஆள் நமக்கு எதுக்குப்பா?" என்று முதலாளி கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். கண்ணாடி போட்டால்தான் கண் தெரியும் என்பதை முதலாளிக்கு யார் சொல்வது? வீராசாமியும் சொல்லவில்லை. உடம்பில் என்ன கோளாறு வந்தாலும் முதலாளி காதுக்குப் போகக் கூடாது என்ற பாடத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டார்.

பிறகுதான் ஓய்வு பெற்ற பேராசிரியர் அழகியமணவாளன் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பேராசிரியருடைய மகள் தாரா அப்போது அமெரிக்காவிலிருந்து குழந்தையோடு திரும்பி வந்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. அதிகாலையிலேயே கம்பெனி பஸ் வந்துவிடும். மூன்று வயது லக்ஷணாவை ஓரிக்கை சாலையில் இருந்த பிளே ஸ்கூலுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது வீராசாமியின் பொறுப்பு.

தாரா கொண்டு வந்த சாமான்களிலேயே பெரியது குழந்தையைக் காரில் உட்கார வைக்கும் நாற்காலி. பின் சீட்டில் அதைக் கட்டி, அதில் குழந்தையை உட்கார வைத்து, இரண்டு தோளிலிருந்தும் இடுப்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் பட்டைகளைக் காலுக்கு நடுவே இருக்கும் பக்கிளில் சேர்த்து மாட்ட வேண்டும். 'டக்' என்று சத்தம் கேட்டால் மாட்டிவிட்டது என்று அர்த்தம். கழற்ற வேண்டுமானால் பக்கிளின் நடுவில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். குழந்தை தானே கழற்றிவிடக் கூடாது என்பதற்காக அதை வேண்டுமென்றே கெட்டியாகச் செய்திருக்கிறார்களாம். பெரியவர்களே கட்டைவிரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினால்தான் விடும்.

தெருவே வேடிக்கை பார்த்தது. "கொழந்தைய ராக்கெட்ல அனுப்பப் போறாங்களா?" என்று பூக்கடை அம்சவேணி கேட்டாள். பேராசிரியருக்கும் பிடிக்கவில்லை. "நம்மாத்துக் கொழந்தைகள்லாம் மடியில உக்காந்துண்டு போய் வளரலையா?" என்பார். தாரா ஒரே வார்த்தையில் நின்றாள்: "அது இல்லாம கார் நகரப்படாது."

வீராசாமிக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். இரண்டே நாளில் மாட்டவும் கழற்றவும் கை பழகிவிட்டது.

அந்த வருஷம்தான் சிக்குன்குனியா வந்தது. இரண்டாயிரத்து ஆறில் எங்கள் பக்கத்தில் அது நுழையாத வீடு இல்லை. ஊரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது. வீராசாமிக்கும் அவர் மனைவி ரேணுகாம்பாளுக்கும் ஒன்றாகவே வந்தது. காய்ச்சல் போய்விட்டது, வலி போகவில்லை. வீராசாமியின் இரண்டு கட்டைவிரல்களும் அடியில் வீங்கி, சட்டைப் பொத்தான் போடக்கூட மனைவியைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. ஸ்டியரிங்கை உள்ளங்கையால் பிடிக்கலாம், கியரை உள்ளங்கையால் தள்ளலாம். வண்டி ஓட்டுவதில் குறையே இல்லை. அந்தச் சிவப்புப் பொத்தானிடம்தான் தோற்றுப்போனார்.

தாராவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், கை வராத டிரைவர் எதற்கு என்று அனுப்பிவிடுவாள் என்று இவரே முடிவு கட்டிக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேல் யார் வேலை தருவார்கள்? ஸ்கூல் வாசலில் உதவிக்கு இருந்த ஜெயம்மாளிடம், "நீ கொஞ்சம் கயட்டி வுடும்மா, நான் வண்டியத் திருப்பிக்கினு வரேன்" என்று சாமர்த்தியமாகச் சமாளித்தார். வீட்டு வாசலில் அம்சவேணியைக் கூப்பிட்டார். அவள் இல்லாத ஒரு நாள், கட்டைவிரலை விட்டு முழங்கையால் அழுத்திப் பார்த்து, குழந்தை வெயிலில் சிணுங்க, கடைசியில் தபால்காரர் வந்து விடுவித்தார். அன்றைக்கு வீராசாமிக்கு வியர்த்த வியர்வை வெயிலால் வந்ததில்லை.

அதன் பிறகு அவர் செய்த காரியத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். கழற்ற முடியாததை எதற்கு மாட்ட வேண்டும் என்று விட்டுவிட்டார். பட்டைகளைத் தோளில் போட்டு, நுனியைப் பக்கிளுக்குப் பக்கத்தில் செருகி, மேலே ஒரு பூத்துண்டை மடித்து வைப்பார். பார்க்கிறவர்களுக்கு மாட்டியது போலவே இருக்கும். ஆனால் லக்ஷணா கெட்டிக்காரி. "டக் சத்தம் வரலையே மாமா?" என்று கேட்டாள். வீராசாமி குனிந்து, நாக்கை அண்ணத்தில் தட்டி 'டக்' என்றார். ஏர் மாட்டை ஓட்டும்போது அவருடைய அப்பா போடும் அதே சத்தம். குழந்தை சிரித்தது. அதிலிருந்து தினமும் அதே விளையாட்டு.

இரண்டு மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு நாள் மத்தியானம், சாமி புறப்பாடு என்று பெரிய சாலையை அடைத்துவிட்டார்கள். வீராசாமி ஒரு குறுக்குத் தெருவில் திருப்பினார். அந்த நேரத்தில் அங்கே யாரும் பாவு போட மாட்டார்கள் என்று நினைத்தார். போட்டிருந்தார்கள். தறிக்குப் போகும் பட்டு நூலைத் தெரு நெடுகக் கம்பு நட்டு விரித்துக் கட்டியிருந்தார்கள். வெயிலில் நூல் கண்ணுக்குத் தெரியவில்லை, தெரிந்தபோது பத்தடிதான். பிரேக்கில் ஏறி நின்றார். வண்டி நின்றது, நூல் தப்பியது. பின்னால் பொத்தென்று சத்தம்.

லக்ஷணா இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே தரையில் கிடந்தாள். உதடு கிழிந்து ரத்தம். பாவு போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து தூக்கித் தண்ணீர் கொடுத்தார்கள். பெரிய அடி இல்லை. ஆனால் அந்த ரத்தம் வீராசாமியின் சட்டையிலும் பட்டிருந்தது. வீடு வரை முதல் கியரிலேயே ஓட்டி வந்தாராம்.

சாயங்காலம் தாரா வந்தாள். உதட்டைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். "பெல்ட் போட்டிருந்தும் எப்படி விழுந்தா?"

"திடீர்னு பிரேக் போட்டம்மா. அது... எப்படியோ கயண்டுக்கிச்சு" என்றார் வீராசாமி.

பேராசிரியருக்கு வாய்ப்பு கிடைத்துவிட்டது. "நான் தலபாடா அடிச்சுண்டேன். இதை நம்பி ஏமாந்தே. நாளைலேர்ந்து நான் மடியில வெச்சுண்டு போறேன். கழட்டிப் பரண்ல போடு."

தாரா வெகுநேரம் பக்கிளை மாட்டி மாட்டிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள், எங்கே கோளாறு என்று பிடிபடவில்லை. கடைசியில் முகம் தொங்கிப்போய், "என்னமோ, பழுதாயிடுத்து போல. இதை எடுத்துடுங்கோ, வீராசாமி" என்றாள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் வேண்டிக்கொண்டிருந்தால்கூட இப்படி நடந்திருக்காது. நாற்காலி போய்விடும், பொத்தான் போய்விடும், வேலை நிற்கும். வாயை மூடிக்கொண்டு அதைத் தூக்கிப் பரணில் போட்டால் எல்லாம் முடிந்தது. வீராசாமி காருக்குள் பாதி உடம்பை விட்டு, நாற்காலியைக் கட்டியிருந்த பெல்ட்டில் கை வைத்தார். தரையில் ஒரு சொட்டு ரத்தம் துடைக்காமல் இருந்ததாம். கிழவர் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்க, இன்னொரு பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாராம். வெளியே வந்தார்.

"சீட்டு மேல தப்பு இல்லம்மா. நான் மாட்டல."

"என்ன?"

"மூணு வாரமா மாட்டல. கட்டவெரலு வரல எனக்கு. அமுக்க முடியல. அதான் சும்மா செருகி வெச்சிருந்தேன்."

தாராவுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். "கை வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"வேற ஆள் பாத்திருப்பீங்க."

இல்லை என்று மறுத்தால் பொய்யாகிவிடும் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "நாளைக்கு வர வேண்டாம்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த வீராசாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எதிரே ரேணுகாம்பாள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குப் பூண்டு உரிக்க வராது, ஊசியில் நூல் கோக்க வராது. பாக்கு வெட்டுவது மட்டும் குறையவில்லை. கொட்டைப் பாக்கைப் பாக்குவெட்டியின் வாயில் வைத்து, பிடி இரண்டையும் உள்ளங்கையில் சேர்த்து இறுக்கினால் பாக்கு இரண்டாகிறது. கட்டைவிரலுக்கு அதில் வேலையே இல்லை. இரண்டு நாள் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த வீராசாமி, மூன்றாம் நாள் எழுந்து பாக்குவெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"எங்க எடுத்துக்கினு போற?"

"பக்கிளு அமுக்க."

"கத்தியத் தூக்கிக்கினு கொழந்த கிட்ட போவியா? உனுக்கு வெரலு மட்டும்தான் போச்சுன்னு நெனச்சேன்" என்று பிடுங்கி வைத்தார் ரேணுகாம்பாள். பிறகு அவரே, "மரத்துல பண்ணச் சொல்லு" என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சாமான் செய்யும் தணிகாசலம் ஆசாரி வீராசாமியின் சிநேகிதர். மிச்சம் கிடந்த தேக்குத் துண்டில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு பிடி இழைத்து, ஒரு முனையில் ஆணியால் கோத்தார். ஒரு பிடியின் உட்புறத்தில் பொத்தானை அமுக்குவதற்கு ஒரு குமிழ். இன்னொன்றில் பக்கிளின் முதுகு பதிய ஒரு பள்ளம். பார்க்கப் பாக்குவெட்டியின் ஊமைத் தம்பி மாதிரி இருந்தது. "இன்னாப்பா இது, சுண்டெலி புடிக்கவா?" என்றார் ஆசாரி. ஆனால் வீராசாமி சொன்ன அளவெல்லாம் மனக்கணக்கு. சரியான அளவு தெரிய அந்தப் பக்கிள் வேண்டும்.

அதற்காக, போகக் கூடாது என்று நினைத்த வாசலுக்குப் போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை, தாரா வாசலில் நின்றிருந்தாள். "வேல கேக்க வரலம்மா. பக்கிள ஒரு தபா அளவெடுத்துக்கினு போறேன்" என்றார். அவள் ஒன்றும் கேட்காமல் கார் கதவைத் திறந்துவிட்டாள். நாற்காலி அதே இடத்தில்தான் இருந்தது. துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்து ஒடித்து அளவெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமானைக் கொண்டு வந்தார். தாரா குழந்தையை உட்கார வைத்து, தானே பட்டைகளை மாட்டினாள். வீராசாமி மரப் பிடியின் வாயைப் பக்கிளில் பொருத்தி, நான்கு விரலையும் உள்ளங்கையையும் சேர்த்து இறுக்கினார். முதல் தடவை வழுக்கிவிட்டது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் உள்ளே போய்விட்டார். இரண்டாவது தடவை பக்கிள் திறந்துகொண்டது.

"இன்னொரு தடவை" என்றாள் தாரா.

திறந்தார். இடது கையால் செய்யச் சொன்னாள். அதுவும் திறந்தது. பிறகு அதை வாங்கித் தானே போட்டுப் பார்த்தாள், பிடியின் விளிம்பில் எங்காவது சிராய் இருக்கிறதா என்று விரலால் தடவினாள். குழந்தைக்கு விளையாட்டாகிவிட்டது; இன்னும் இன்னும் என்றது.

தாரா அதை அவரிடம் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்போ கை எப்படி இருக்கு?"

நல்லா இருக்குதும்மா என்று சொல்லத்தான் வாய் திறந்தது. இத்தனை வருஷப் பழக்கம். சொல்லியிருந்தால் அவள் அந்த மரச் சாமானை மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பியிருப்பாள் என்று நான் நினைக்கிறேன்.

"வலிக்குதும்மா. வண்டி ஓட்ட வலிக்கல. சோறு பெசையிறப்ப வலிக்குது, காலைல எழுந்தா மடக்க முடியல. எப்ப சரியாப் போவும்னு தெரியல."

"எந்த விரல்?"

இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். தாரா குனிந்து, வீக்கத்தைத் தொடாமல் பார்த்தாள். பிறகு சாவியையும் மரப் பிடியையும் சேர்த்து அந்தக் கையில் வைத்தாள். "நாளைக்கு வாங்கோ. ரொம்ப வலிக்கிற அன்னிக்குச் சொல்லுங்கோ, லீவு போட்டுட்டு நானே கொண்டு விடறேன்."

முசரவாக்கம் வரும் வரை சைக்கிளில் அழுதுகொண்டே வந்தாராம். வேலை கிடைத்துவிட்டதா என்று ரேணுகாம்பாள் கேட்டதற்கு, "எந்த வெரலுன்னு கேட்டாங்கடி" என்றார். சோறு போட்டபோதும் அதையே சொன்னார்.