குடை சாயாத செந்தூர்வேல்

செந்தூர்வேல் இருபத்தாறு வருடம் டிரெய்லர் ஓட்டியவர். துறைமுகத்திலிருந்து எத்தனை கன்டெய்னர் இழுத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒரு தடவைகூட வண்டி குடை சாய்ந்ததில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். கேட்டவர்களுக்கும் சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு கம்ப்யூட்டர் பைக் தினமும் நாற்பது தடவை குடை சாய்த்தது.

தை மாதம் லேசான பக்கவாதம். கால் சீக்கிரம் தேறிவிட்டது. இடது கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கியர் போடுகிற கை அது. முதலாளி ஆறுமுகநயினார், "சித்திரை வரைக்கும் பாஸ்கல் உம்ம வண்டிய ஓட்டட்டும். அதுக்குள்ள கைய சரி பண்ணிட்டு வாரும்வே" என்று சொல்லி, ஆபீஸில் கன்டெய்னர் பூட்டு முத்திரைகளின் சீல் நம்பர் சரிபார்க்கிற வேலையைக் கொடுத்தார்.

அங்கே கம்ப்யூட்டரில் இருப்பவள் விஜிலா. கஸ்டம்ஸ் இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்போதெல்லாம் பிரவுசரில் ஒரு பைக் விளையாட்டு ஆடுவாள். இவர் எட்டிப் பார்த்தார்.

"வலது கையில ஆக்சிலேட்டர் அண்ணாச்சி. இடது கை பொத்தான நேரத்துக்குத் தட்டுனா வண்டி சாயாது. அவ்வளவுதான்."

"இடது கையா?" என்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மேட்டில் பைக் முன்சக்கரத்தைத் தூக்கியதும் இடது விரல் தட்ட வேண்டும். விரல் யோசிப்பதற்குள் அவருடைய வலது கால் மேஜைக்கு அடியில் பிரேக்கை மிதித்துவிடும். அங்கே ஏது பிரேக்? விஜிலாவின் சாப்பாட்டுப் பைதான் இருந்தது. இரண்டாம் நாளே அவள் அதை அலமாரி மேல் ஏற்றிவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, குடை சாஞ்சிட்டா? கிரேன் கொண்டாரட்டா?" என்று பாஸ்கல் வாசலில் நின்று சிரிப்பான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

பதினொரு பாதைகளை எப்படியோ தாண்டினார். பன்னிரண்டாவது, பள்ளத்தின் மேல் ஆடுகிற பலகை, ஐந்து வாரம் அவரை அழவைத்தது. வீட்டில் தோசை தின்னும்போதும் இடது விரல் தட்டின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

"வெளையாட்டுக்கா இப்பிடிப் பாடுபடுதீக?" என்றாள் மனைவி பேச்சிச்செல்வி.

"வெளையாட்டு இல்லளா. என் வண்டி."

பங்குனி கடைசியில் ஒரு மத்தியானம் பைக் பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் நிமிர்ந்து நின்றது. மறுபடி ஓட்டினார், தாண்டியது. பத்துக்குப் பத்து. ஆபீஸே கைதட்டியது. பார்த்துக்கொண்டிருந்த முதலாளி சட்டைப் பையிலிருந்து டிரெய்லர் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "நாளைக்குக் காலையில லோடு எடும்வே."

செந்தூர்வேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் விஜிலா பதின்மூன்றாவது பாதையைத் திறந்துவைத்தாள். முதல் மேட்டிலேயே பைக் தலைகுப்புற விழுந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. விரல் பழையபடி தாமதமாகத்தான் தட்டியது.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கை தேறவில்லை, பன்னிரண்டாவது பாதையை மனப்பாடம் பண்ணியிருக்கிறது, அவ்வளவுதான். ரோட்டில் குறுக்கே வருகிறவன் நேற்று வந்த இடத்திலேயா இன்றைக்கும் வருவான்?

சாவியை முதலாளி பக்கம் நகர்த்தினார். "இப்ப வேண்டாம் மொதலாளி. இன்னும் கொஞ்ச நாள் ஆவும்."

"இப்ப விழுந்தத யாருவே பாக்கப் போறா? பன்னெண்டாவதுல நல்லாத்தான ஓட்டுனீரு?"

"நான் பாத்தேம்லா."

"அப்போ பாஸ்கலுக்கே நெரந்தரமாக் குடுத்துருவேன். பெறவு கேக்கப்படாது."

இருபத்தாறு வருடம் அவரைச் சுமந்த வண்டி. "குடுங்க" என்றார்.

சாவி வாசலைத் தாண்டிப் போகும்வரை அவர் தலை நிமிரவில்லை. பிறகு நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்தார்.

"இந்த மாதிரி எத்தன பாதைம்மா இருக்கு?"

"எரநூறுக்கு மேல இருக்கு அண்ணாச்சி."

"எல்லாத்தையும் எடு. ஒருதடவ பாத்தத எனக்கு மறுபடி காட்டாத."