பொங்கல் விழாவில் எனக்கு வரவிருந்த பரிசு

அப்பாவுக்கு வேலை போன மாதங்கள்தான் என் சிறுவயதிலேயே மிகச் சந்தோஷமான மாதங்கள். இதை வீட்டில் நான் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். நான் நான்காம் வகுப்பு. தம்பிக்கு மூன்று வயது. அப்பா துபாயில் வில்லா கட்டும் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அம்மா ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன். காலையில் ஒரு டியூட்டி, மதியம் வீடு, சாயங்காலம் மறுபடி ஒரு டியூட்டி என்று அம்மாவின் நாள் நடுவில் உடைந்திருக்கும். அப்பா விடிவதற்குள் கம்பெனி வண்டியில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். எங்களுக்கு ஊரிலிருந்து யாரையும் வரவழைத்து வைத்துக்கொள்ள வசதியில்லை. இருந்ததே ஒரு ஃபிளாட்டின் உள்ளறை. ஹாலில் இன்னொரு குடும்பம் இருந்தது.

அதனால் நானும் தம்பியும் கீழ்த்தளத்தில் ஒரு மலையாள ஆன்ட்டி வீட்டில் வளர்ந்தோம் என்றே சொல்லலாம். அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். நல்லவர்தான். ஆனால் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே டிவி, ஒரே கிண்ணம், ஒரே அதட்டல். தம்பி சாயங்காலம் ஆனதுமே செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கதவோரம் உட்கார்ந்துவிடுவான். வருகிற ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து நிற்பான். அது வேறு வீட்டு அம்மாவாக இருக்கும். மறுபடி உட்காருவான்.

அந்த வருஷம் துபாயில் பாதிக் கட்டிடங்கள் அப்படியே நின்றுவிட்டன. பள்ளிப் பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கிரேன்கள் அசையாமல் நிற்பது தெரியும். அவற்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது கதவைத் திறந்தது அப்பா. மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய ஆபீஸ் கோப்பையும் அளவுகோலும் இருந்தன. லீவா என்று கேட்டேன். ஆமாம், பெரிய லீவு என்றார்.

பெரிய லீவு உண்மையாகவே பெரிதாக இருந்தது. ஆன்ட்டி வீட்டுக்குப் போவது நின்றுபோனது. அப்பாவே எனக்குச் சடை பின்னினார்; முதல் வாரம் ஒரு சடை காதுக்கு மேலும் இன்னொன்று தோளுக்கு அருகிலும் இருந்தது. அம்மா கிளினிக்கிலிருந்து ஃபோனில் சொல்லச் சொல்ல அப்பா சமைத்தார். தக்காளிச் சோறு நன்றாக வந்துவிட்டதால் தினமும் தக்காளிச் சோறு. சாயங்காலம் தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடலோரம் வரை நடந்து போவோம். கீழே வாட்ச்மேன் முதலில் எல்லாம் "க்யா பாய், டியூட்டி நஹி?" என்று, வேலைக்குப் போகவில்லையா என இந்தியில் கேட்பான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். அப்பா முன் வழியை விட்டுப் பின்பக்கப் படியால் இறங்கத் தொடங்கினார். எனக்கு அந்தப் படி பிடித்திருந்தது, பூனைக்குட்டிகள் இருக்கும்.

அதே சமயம் அம்மா மெல்ல மெல்லக் காணாமல் போனார். கிளினிக்கில் பிரசவ லீவில் போன ஒருத்தியின் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலையும் வந்தது. நாங்கள் தூங்கிய பிறகு வந்து, நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தலையில் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். தம்பி தூக்கத்தில் சிணுங்கினால் அப்பாவைத்தான் கூப்பிட்டான்.

பள்ளியில் ஒரு நாள் வகுப்பாசிரியை என்னையும் இன்னும் சில பேரையும் எழுப்பி, பாடம் முடியும்வரை நூலகத்தில் உட்காரச் சொன்னார். மறுநாளும் அப்படித்தான். கணக்குப் பாடத்திலிருந்து தப்பித்து டைனோசர் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அப்பா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அடுப்பை அணைத்தார். என்ன புத்தகம் படித்தாய் என்று கேட்டார். நான் டைனோசர்களின் பெயர்களைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் வராந்தாவுக்குப் போய் மாமாவுக்கு ஃபோன் செய்தார்.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. அப்பாவைப்போலவே அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். துபாயில் ஒரு தமிழ்ச் சங்கத்தில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்பவர். ஊருக்கு உடல் அனுப்புவதென்றாலும் பட்டிமன்றம் நடத்துவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சில நாள் கழித்து அப்பா என்னிடம், சங்கத்துப் பொங்கல் விழாவில் உன்னை மேடையில் ஏற்றிப் பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, படிப்புக்கு என்றார். பொய் என்று சொல்ல முடியாது. நான் நடுவாந்திர ரேங்க் எடுப்பவள்தான் என்றாலும், நூலகத்துக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் பரிசுக்கும் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நேரில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றார் அப்பா.

விழா ஒரு வெள்ளிக்கிழமை காலையில், துபாயில் ஒரு பள்ளியின் அரங்கத்தில். ஊரில் எடுத்த பட்டுப்பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. அப்பா மடிப்பைப் பிரித்து விட்டு இஸ்திரி போட்டிருந்தார். வாசலில் பிளாஸ்டிக் கரும்பு. உள்ளே சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பேருந்தில் வந்த ஆண்கள் பின்வரிசைகளில் புதுச் சட்டையோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பக்கத்துப் படியில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் நின்றவன் ஆறாம் வகுப்பு. கழுத்தில் டை கட்டியிருந்தான். மேடையில், அல் கூஸ் பகுதியில் கிடங்குகள் வைத்திருக்கும் ஒரு முதலாளி மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு ஃபோட்டோகிராஃபர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மைக்கில் பேசியவர் எனக்குப் பழக்கமில்லாத தமிழில் பேசினார். வீட்டுத் தமிழ் தெரியும். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் அரபியும்தான். அதனால் அவர் "பணியிழந்து நிர்க்கதியாய் நிற்கும் குடும்பங்களின் குழந்தைச் செல்வங்கள்" என்று சொன்னபோது, குழந்தை என்பதும் செல்வம் என்பதும்தான் புரிந்தன. நிர்க்கதி என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று டை கட்டியவனிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் யோசித்து, டாப்பர் மாதிரி ஏதோ என்றான். நான் பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

அம்மா ரத்தம் எடுக்கும் வேலையை முடித்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தார். எப்போது வந்தார் என்று நான் பார்க்கவில்லை. டை கட்டியவன் படியேறியபோது, என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அம்மாவின் விரல்களில் எப்போதும் இருக்கும் ஸ்பிரிட் வாசனை. தோளில் ரத்தக் குப்பிகள் வைக்கும் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இவளக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் மாமாவிடம்.

மாமா பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். "என்னம்மா இது, அடுத்தது நம்ம புள்ளதான். ஒரே ஒரு ஃபோட்டோம்மா. ஒரு வருஷ ஃபீஸ் முடிஞ்சிரும்."

"ஃபோட்டோ இல்லாமக் குடுக்க முடியுமாண்ணே? மேடை இல்லாம, பேர் வாசிக்காம?"

மாமா மேடையைத் திரும்பிப் பார்த்தார். மாலைபோட்டவர் டை கட்டியவனின் தோளில் கைவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.  மாமா நல்ல மனிதர். தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் சம்பாதிச்சிட்டுத்தாண்ணே இருக்கேன். எம் புள்ள நிர்க்கதி இல்ல," என்றார் அம்மா.

என் பரிசு போகிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்த வயதில் என்னைத் தூக்குவது சுலபமில்லை. பின்வரிசையில் இருந்த கேம்ப் ஆட்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். ஒருவர்கூட எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா தம்பியோடு எங்கள் பின்னால் வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கஃபட்டீரியா. எனக்கும் தம்பிக்கும் பரோட்டாவுக்குள் சிப்ஸ் வைத்துச் சுருட்டி வாங்கிக்கொடுத்து ஒரு மேசையில் உட்கார்த்தினார்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்த மேசையில். இரண்டு டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் விக்கிக்கொண்டே சாப்பிட்டேன்.

"யார்கிட்டயும் திருடல," என்றார் அப்பா. "எஞ் சித்தப்பா மவன் லண்டன்ல இருக்கான். வேலை போச்சுன்னா கவர்மெண்டே குடுக்குது. புள்ளைக்குன்னு தனியாக் குடுக்குது. அவன் என்ன வெக்கப்பட்டா செத்தான்?"

"அவன் புள்ளைய மேடையில ஏத்திப் பேர் வாசிச்சா குடுக்குறாங்க?"

அப்பா எட்டித் தம்பியின் வாயைத் துடைத்துவிட்டார்.

"அப்படிச் சட்டமா ஒண்ணு இங்க இருந்தா நானே போய் வரிசையில நிப்பேங்க," என்றார் அம்மா. "இங்க இல்ல. நாளைக்கு இவ பெரியவளாகி அந்த ஃபோட்டோவப் பாப்பா."

"படிப்பு நின்னாலும் பெரியவளாகத்தான் செய்வா," என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்பவருக்குப் பதில் சொல்வதைப்போலச் சொன்னார். அம்மா டீயைக் கையில் எடுத்து, குடிக்காமல், திரும்ப வைத்தார்.

அதன் பிறகு அம்மா இன்னும் உழைத்தார். அதற்கு மேல் ஒரு நாளில் இடமிருந்தது என்பதே இப்போது எனக்கு ஆச்சரியம். நான் வருஷம் முடியும்வரை வகுப்பிலேயே உட்கார்ந்தேன். நூலகம் நின்றுபோனது எனக்கு வருத்தம். அம்மாவின் வளையல்கள் எங்கே போயின என்று கேட்கத் தோன்றவில்லை. ஆனால் எத்தனை உழைத்தாலும் ஒன்றை வாங்க முடியவில்லை. நாங்கள் எல்லோரும் அப்பாவின் விசாவில் இருந்தவர்கள். கம்பெனி சில மாதம் இரக்கப்பட்டு வைத்திருந்துவிட்டு, கடைசியில் அதை ரத்து செய்தது. அம்மா பார்த்த வேலைக்கு, ஒரு பெண் தன் புருஷனையும் பிள்ளைகளையும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. டாக்டராகவோ டீச்சராகவோ இருந்தால் நடந்திருக்கும் என்று சொன்னார்களாம். கிளினிக் எடுத்துத் தரும் விசாவில் அம்மா மட்டும் இருக்கலாம், நாங்கள் இருக்கக் கூடாது. அம்மாவும் வந்துவிட்டால் யார் சம்பாத்தியத்தில் சாப்பிடுவது? அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதென்றும், அம்மா நர்ஸ்கள் சிலரோடு அறையில் ஒரு கட்டில் எடுத்துத் தங்குவதென்றும் முடிவானது. இரண்டு வருஷம் என்று பேசினார்கள். நான் கல்லூரியில் சேரும்வரை அது நீண்டது.

டை கட்டியவன் தன் பள்ளியிலேயே படித்து முடித்தான். அவனுடைய அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்து, அம்மா அப்பா இரண்டு பேரோடும் அங்கேயே வளர்ந்தான். அவனைப் பின்னாளில் ஒருமுறை சந்தித்தபோது அந்த மேடையைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவனுக்கு அப்படி ஒரு விழாவே நினைவில்லை. அம்மா செய்தது சரியா என்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தப்பு என்று சொல்ல நாக்கு வரவில்லை.

நாங்கள் கிளம்பிய நாளில் அம்மா டியூட்டிக்கு நடுவில் விமான நிலையத்துக்கு வந்தார். எனக்கு அது கோடை விடுமுறைப் பயணத்தைப்போலத்தான் இருந்தது. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, பின்னால் வருவார், அவ்வளவுதான். உள்ளே போகும் இடத்தில் அம்மா தம்பிக்காகக் கையை நீட்டினார். அவன் அப்பாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினான். அம்மா இன்னொரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் வரவில்லை. அப்பா அவன் கைகளைப் பிரிக்கப் பார்த்தார்.

"விடுங்க," என்றார் அம்மா. "நல்லதுதான். அழாமப் போவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மாவுக்குச் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டு, நானும் அழாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.