உண்மை விரும்பி என்று கையெழுத்திட்டவன்

கோடு போட்ட ஒரு முழு புல்ஸ்காப் தாள். இடது பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து ஓரம் விட்டு, நீல மையால், ஒரு சொல்கூட வெட்டாமல் எழுதியிருந்தேன். தலைப்பில் ‘கனம் வித்தியாதிபதி அவர்கட்கு’ என்றும் அடியில் ‘இப்படிக்கு, உண்மை விரும்பி’ என்றும் இருந்தது. மை காயட்டும் என்று தாளை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எழுதியிருந்தது பொய். நான் பார்த்துக்கொண்டு நின்றது எழுத்தின் வடிவை.

பிள்ளைகளே, நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சாதாரண தரம் ஒருதரம் எழுதிவிட்டுச் சங்கக்கடை வேலைக்குப் போனவன். ஆனாலும் வீட்டில் நான் சொல்லும் புத்திமதிக்குக் குறைவில்லை. பொய் சொல்லாதே, பயப்படாதே, மற்றப் பிள்ளையைப் பகிடி பண்ணாதே என்று சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் வைத்தே சொல்லியிருக்கிறேன். நீங்களும் தலையை ஆட்டியிருக்கிறீர்கள். அதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வயதுப் பிள்ளைகள் வேறு யாரும் வாசித்தாலும் நல்லதுதான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே பியோனாக இருந்தவரை எல்லோரும் பியோன் அண்ணை என்றே கூப்பிடுவோம். மயிலிட்டியிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். தகப்பன், தமையன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அவர் ஒருவர்தான் உத்தியோகத்துக்கு வந்தவர். அதுவும் இன்னும் நிரந்தரமாகாத உத்தியோகம். மணி அடிப்பது, தபால் கந்தோருக்குப் போய்வருவது, பின்னேரம் வகுப்புகளைக் கூட்டிக் கரும்பலகை அழித்துக் கதவு பூட்டுவது எல்லாம் அவர் வேலை. இடுப்பில் வகுப்புச் சாவிகளெல்லாம் சேர்த்த ஒரு பெரிய திறப்புக் கோர்வை தொங்கும். அவர் வருவதற்கு முன்னமே அதன் சத்தம் வந்துவிடும். பிந்தி வருகிறவர்களைப் பார்த்து, “வாரும் துரை, வாரும். உமக்காகத்தான் மணி இன்னும் மூச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்குது” என்பார். சிரித்துக்கொண்டே ஓடுவோம்.

ஒருநாள் நானும் என் பக்கத்து வாங்கில் இருக்கும் நண்பனும் பள்ளிக்கூட நேரத்தில் கதியால் வேலியால் ஏறிக் குதித்து யாழ்ப்பாணத்துக்கு மத்தியானப் படம் பார்க்கப் புறப்பட்டோம். வேலிக்கு அங்காலே பியோன் அண்ணை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இறங்குங்கோ, இறங்குங்கோ. கீழை முள்ளுக் கிடக்கு, பாத்து” என்றவர், இறங்கியதும் இருவரையும் அதிபரிடம் கொண்டுபோய் விட்டார். அடுத்தநாள் காலைக் கூட்டத்தில், பெண்பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்க, ஆளுக்கு ஆறு பிரம்படி. அடி நோகவில்லை. பார்த்தவர்கள் பார்த்ததுதான் நொந்தது.

பெட்டிசம் போடலாம் என்று சொன்னவன் நண்பன். பேர் போடாமல் கந்தோருக்கு எழுதும் முறைப்பாட்டைத்தான் எங்கள் ஊரில் பெட்டிசம் என்பார்கள். அவனுடைய தகப்பனுக்கு அது கைவந்த வேலை. “எங்கடை அப்பு ஒரு பெட்டிசத்திலை ஓவசியரையே மாத்தினவர். உந்தப் பியோன் என்ன, தூசு” என்றான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வேலை நேரத்தில் நித்திரை, பிள்ளைகளிடம் மரியாதை இல்லை என்று கொஞ்சம். “கடற்கரை ஆள் எண்டதையும் போடு மச்சான். வாசிக்கிறவைக்கு விளங்கும்” என்றான். சாதியைக் குத்திக்காட்டும் அந்தச் சொல்லையும் போட்டேன். கையும் கூசவில்லை, மனமும் கூசவில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பொய் அவன் சொன்னதல்ல. அது என்னுடைய சொந்தச் சரக்கு. முந்தின கிழமை புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை முடிகிற மணி அரை மணித்தியாலம் பிந்தித்தான் அடித்தது. தபால் கந்தோருக்குப் போன பியோன் அண்ணை வேர்த்து வழிய வந்து, சைக்கிள் காற்றுப் போய்விட்டது என்று அதிபரிடம் சொன்னார். முழுப் பள்ளிக்கூடத்துக்கும் தெரிந்த கதை. அதை வைத்து, ‘அன்றைய தினம் மேற்படி பியோன் தவறணையில் கள்ளுக் குடித்துக்கொண்டிருந்ததை என் கண்ணாலே கண்டேன்’ என்று எழுதினேன். “அட, நீ எங்கடை அப்புவையே வெண்டிடுவாய்” என்று நண்பன் முதுகில் தட்டினான்.

கடிதம் கந்தோருக்குப் போகும், அங்கிருந்து ஒரு கட்டளை வரும் என்று மட்டுந்தான் நாங்கள் நினைத்திருந்தோம். போட்ட பெட்டிசமே விளக்கம் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அதைத் தபால் கந்தோரிலிருந்து தன் பையில் வைத்துக் கொண்டுவந்தவரும் பியோன் அண்ணைதான். அந்தத் தவணைதான் புதிதாக வந்திருந்த அதிபருக்கு எங்கள் எழுத்துகள் பழக்கமில்லை. தாளையே பியோன் அண்ணையிடம் கொடுத்து, இரண்டு நாளில் எழுத்தில் மறுமொழி வேண்டும், இல்லாவிட்டால் உத்தியோகம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் நான் வெளிக்கிடும் நேரம் பியோன் அண்ணை வகுப்பு வாசலில் வந்து நின்றார். “தம்பி, உம்மாலை எனக்கு ஒரு உதவி. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், எழுத வராது. உம்மடை எழுத்து முத்துப்போலை. இதுக்கு ஒரு மறுமொழி எழுதித் தாரும்.” நான் எழுதிய தாளை என் மேசையிலேயே விரித்து வைத்தார். பக்கத்தில் ஒரு கடதாசிச் சுருளில் எனக்காக வாங்கிவந்த இரண்டு வாய்ப்பன்.

தினமும் காலையில் எங்கள் வகுப்புக் கரும்பலகையில் நற்சிந்தனை எழுதுகிறவன் நான். அதே எழுத்தில் மறுமொழி எழுதினால் கந்தோரில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே எழுத்தை இடப்பக்கம் சாய்த்து, கோணலாக எழுதத் தொடங்கினேன். அந்தப் புதன்கிழமை வந்ததும், “அண்டைக்கு எங்கை அண்ணை போனனீங்கள்? என்னெண்டு எழுத?” என்று கேட்டேன். “அதை விடும் தம்பி. சைக்கிள் காத்துப் போனதெண்டே எழுதும்” என்றார். அப்போது எனக்கு வந்தது சந்தோஷம். அப்படியென்றால் இவர் உண்மையிலேயே தவறணைக்குத்தான் போயிருக்கிறார், என் பொய் பொய்யில்லை என்று ஒரு ஆறுதல். நான் செய்தவற்றில் எதை மறந்தாலும் அந்தச் சந்தோஷத்தை மறக்க முடியவில்லை.

முடித்துக் கொடுத்தேன். அவர் இரண்டு தாளையும் மாறிமாறிப் பார்த்தார். “உம்மடை எழுத்து இப்பிடி இல்லையே தம்பி.”

“கை நோகுது அண்ணை.”

“ஓமோம். நோகுந்தான்.” இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “வாய்ப்பனைத் தின்னும், ஆறப்போகுது.” தின்றேன்.

அடுத்த கிழமை கல்விக் கந்தோரிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். மேல்வகுப்புப் பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தினார்கள். பியோன் அண்ணை ஒரு பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர் பெட்டிசத்தை வாசித்தார். கடற்கரை ஆள் என்ற இடத்தில் ஒருதரம் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். பிறகு, “மற்றதெல்லாம் கிடக்கட்டும். அந்தப் புதன்கிழமை இவர் எங்கை நிண்டவர்? ஆருக்கும் தெரிஞ்சால் எழும்பிச் சொல்லுங்கோ” என்றார்.

பெண்பிள்ளைகள் பக்கத்தில் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவர் எழும்பினார். அதிகம் கதைக்காத பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். “என்னோடை நிண்டவர், சேர்” என்றார். பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். பியோன் அண்ணை பதறிப்போய், “பிள்ளை, இரம்மா. நீர் ஒண்டும் சொல்லத் தேவையில்லை” என்றார். அந்தப் பிள்ளை இருக்கவில்லை.

“எனக்கு வலிப்பு வாறது சேர். அண்டைக்குச் சாப்பிட்டிட்டு வரேக்கை ஒழுங்கையிலை விழுந்திட்டன். இவர்தான் கண்டு, என்ரை கையிலை திறப்புக் கோர்வையை வைச்சு, எழும்புமட்டும் பக்கத்திலை இருந்து, வீட்டை கொண்டுபோய் விட்டவர். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு அம்மா இவரின்ரை காலிலை விழுந்தவ. அதுதான் இவர் சொல்லேல்லை.” கடைசிச் சொல் வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் வாங்கில் இருந்தார்.

அந்தக் காலத்தில் வலிப்பு என்ற சொல்லை வீட்டுக்குள்ளேயே மெல்லமாகத்தான் சொல்வார்கள். ஒரு பெண்பிள்ளையின் பேரோடு அது சேர்ந்தால் வாசல் படலைக்கு வருகிற சம்பந்தம் படலையோடு திரும்பிவிடும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாதென்றா நினைக்கிறீர்கள்?

வந்தவர் தாளை உயர்த்திக் காட்டினார். “பெரியாக்கள் எழுதினமாதிரி எழுதியிருக்கு. ஆனால் இது ஒரு மாணவன்ரை எழுத்து. எழுதினவர் எழும்பலாம். நான் தண்டிக்க வரேல்லை.” எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் நான்கு வாங்குதான். எழும்பக்கூட வேண்டாம், வாயைத் திறந்தாலே போதும். நண்பன் என் துடையில் கிள்ளினான். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பியோன் அண்ணையிடம் திரும்பி, “உமக்கு ஆரெண்டு தெரியுமோ?” என்று கேட்டார். பியோன் அண்ணை எங்கள் பக்கம் ஒருதரம் பார்த்தார். “தெரியாது ஐயா.”

அவருடைய உத்தியோகம் தப்பியது. இரண்டு மாதத்தில் நிரந்தரமும் ஆனது. அந்தப் பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம் போய்விட்டது. அவர் நடந்து போகும்போது பெடியங்கள் சட்டைப்பையில் கையை விட்டுத் திறப்பைக் குலுக்குவார்கள். முதல்நாள் ஒருவன், அடுத்தநாள் ஐந்தாறு பேர். மூன்றாம் நாள் என் கையிலும் சைக்கிள் திறப்பு இருந்தது. எல்லோரும் குலுக்கும்போது நான் மட்டும் குலுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு குலுக்கினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஒரு கிழமை கழித்து, பின்னேரம் எல்லோரும் போனபின் வகுப்புக்குப் போனேன். பியோன் அண்ணை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அண்ணை, அந்தப் பெட்டிசம்...” என்று தொடங்கினேன்.

“தெரியும் தம்பி. ஒவ்வொரு பின்னேரமும் உம்மடை எழுத்தை அழிக்கிறவன் நான். எனக்குத் தெரியாதோ?”

“பேந்தேன் அண்டைக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் உம்மை நிப்பாட்டிப்போடுவினம். அதாலை எனக்கென்ன லாபம்?” துடைத்த துணியை உதறினார். “கோவம் வந்ததுதான். அண்டைக்கு மயிலிட்டி போய்ச் சேருமட்டும் உம்மைத் திட்டித் திட்டித்தான் சைக்கிள் உழக்கினனான். பேந்து களைச்சுப் போனன். என்ரை மனதிலை இப்ப ஒண்டுமில்லை. என்னிட்டை ஏன் வாறீர்? அந்தப் பிள்ளையிட்டைப் போய்ச் சொல்லும்.”

போனேன். படலைக்கு வந்த தாயார், “ஆர் தம்பி?” என்று கேட்டார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. “கூடப் படிக்கிறனான். பாடக் கொப்பி கொண்டந்தனான், பாத்து எழுத” என்று கையில் இருந்த கொப்பியை நீட்டினேன். அன்று தொடக்கம் சோதனை வரை ஒவ்வொரு பாடத்தையும் வடிவாகப் பிரதி பண்ணிப் படலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். “உம்மைப்போலை ஒரு பிள்ளை இருக்கிறதாலைதான் தம்பி அவள் இன்னும் புத்தகத்தைத் திறக்கிறாள்” என்று தாயார் ஒருநாள் கண்கலங்கினார். அதைக் கேட்டுக்கொண்டும் நின்றேன். உதவி செய்வது எனக்குச் சுகமாக இருந்தது. உண்மையைச் சொல்வதுதான் முடியாமல் இருந்தது. ஒன்றைச் செய்து மற்றதை மூடிக்கொண்டேன்.

போன மாதம் மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு பெண் வந்து என்னோடு கதைத்தது என் மூத்த மகளுக்கு நினைவிருக்கும். அவர்தான். இப்போதும் தாயாரோடு அதே வீட்டில் இருந்து அயல் பிள்ளைகளுக்குத் தையல் பழக்குகிறார். கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. அவர் மகளின் தலையைத் தடவி, “கொப்பர் கொப்பி எழுதித் தராட்டி நான் சோதினையே எடுத்திருக்க மாட்டன், பிள்ளை” என்றார். நான் சிரித்தேன். வரும் வழியில், “ஆரப்பா அது? ஏன் உங்கடை முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று மகள் கேட்டாள். “கூடப் படிச்ச ஆள்” என்று சொல்லிச் சைக்கிளை உழக்கினேன். அந்தக் கேள்விக்கு இதுதான் மறுமொழி.

இதுவரை எழுதியதை உங்களுக்குத் தருவதற்கு முன்னம், நேற்று அந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்த முறை படலையில் நிற்காமல் உள்ளே போய் அவருடைய கையிலேயே கொடுத்தேன். தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தார். வாசிக்கும்போது ஒரு இடத்தில் கை நின்றது. திறப்புக் குலுக்கிய இடமாக இருக்கவேண்டும். முடித்ததும் தாள்களைத் தட்டி அடுக்கித் திருப்பித் தந்தார்.

“பிள்ளையளிட்டைக் குடும். வாசிக்கட்டும்.”

வேறொன்றும் சொல்லமாட்டார் என்று நினைத்து எழும்பி முற்றத்துக்கு இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. நீண்டகாலம் யோசித்து வைத்திருந்த ஒன்றைச் சொல்வதுபோல இருந்தது.

“அண்டைக்கு நீரும் எழும்பியிருந்தால், நான் தனிய நிண்டிருக்க மாட்டன்.”

வீட்டுக்கு வந்து அதையும் சேர்த்து எழுதினேன்.